முடக்குவாதத்துக்கு ஆண்டிபயாடிக்: குணமா, குழப்பமா?

காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியவில்லை. பால் டின்னைத் திறக்க முடியவில்லை. பிள்ளையின் பள்ளிச் சட்டைக்குப் பித்தான் போட்டுவிட முடியவில்லை. வெந்நீரில் கையை நனைத்து ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகுதான் விரல்கள் வழிக்கு வருகின்றன. இரண்டு மணிக்கட்டுகளும் ஒன்றுபோல் வீங்கியிருக்கின்றன. வயதோ நாற்பதுகூட ஆகவில்லை. மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்து பார்த்து, இது 'ருமாட்டாய்ட் ஆர்த்ரைடிஸ்' என்கிறார். நம் பாட்டிமார் சரவாங்கி என்றும் முடக்குவாதம் என்றும் சொன்ன அதே நோய்தான்.

அடுத்து வருவது மருந்துப் பேச்சு. வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் சாப்பிட வேண்டும், பல ஆண்டுகள் தொடர வேண்டியிருக்கும் என்கிறார் மருத்துவர். வீட்டுக்கு வந்து விசாரித்தால், அது புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். அவ்வளவுதான், பயம் பிடித்துக்கொள்கிறது. அந்த நேரம் பார்த்து உறவினர் ஒருவர் இன்னொரு செய்தியோடு வருகிறார்: "இது கிருமியால் வர்ற நோய். அமெரிக்காவுல ஒரு டாக்டர் வெறும் ஆண்டிபயாடிக் கொடுத்தே குணப்படுத்தியிருக்காராம். நீங்க ஏன் அந்தக் கடுமையான மருந்தைச் சாப்பிடணும்?"

இது பொய்யா என்று கேட்டால், முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. முழுப் பொய்யாக இருந்தால் தள்ளிவிடுவது எளிது. இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நம்பி மீதியையும் விழுங்கிவிடும்போதுதான் மூட்டுகள் பறிபோகின்றன.

அமெரிக்க டாக்டர் யார்?

அந்த டாக்டர் கற்பனை மனிதரல்லர். தாமஸ் மெக்பெர்சன் பிரவுன் என்பது அவர் பெயர். 1906-இல் பிறந்தவர். நியூயார்க்கில் உள்ள ராக்ஃபெல்லர் ஆய்வுக் கழகத்தில் 1930களின் பிற்பகுதியில் மூட்டு நோய்களை ஆராய்ந்தவர். பின்னாளில் வாஷிங்டன் வட்டாரத்தில் மூட்டு நோய் மருத்துவராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார்.

மைக்கோப்பிளாஸ்மா என்னும் மிகச் சிறிய நுண்ணுயிரே முடக்குவாதத்துக்குக் காரணம் என்று பிரவுன் நம்பினார். இந்த நுண்ணுயிருக்குச் செல்சுவர் கிடையாது. பென்சிலின் செல்சுவரைத் தாக்கும் மருந்து. ஆகவே அது இதனிடம் பலிக்காது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகளோ நுண்ணுயிர் புரதம் தயாரிப்பதையே தடுப்பவை, அவை பலிக்கும். எனவே பிரவுன் தம் நோயாளிகளுக்கு டெட்ராசைக்ளினைக் குறைந்த அளவில், நாள் விட்டு நாள் என்ற கணக்கில், நீண்ட காலம் கொடுத்து வந்தார். வாஷிங்டன் விலங்குக்காட்சி சாலையில் மூட்டு வாதத்தால் அவதிப்பட்ட ஒரு கொரில்லாவுக்கும் அவர் குழுவினர் இந்தச் சிகிச்சையைச் செய்ததுண்டு. 1988-இல் எழுத்தாளர் ஹென்றி ஸ்கேமெல்லுடன் சேர்ந்து அவர் எழுதிய 'தி ரோட் பேக்' என்ற நூல் வெளிவந்தது. அதைப் படித்த பல நோயாளிகள் அவரை ஒரு மீட்பராகவே பார்த்தார்கள்.

அவர் கொள்கை அந்தக் காலத்தில் விசித்திரமானதல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். முடக்குவாதம் ஒரு தொற்று நோய் என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பெரிய மருத்துவர்களிடமே இருந்தது. பிரான்சில் ஜாக் ஃபொரெஸ்டியர் என்பவர் இது காசநோய்க்கு நெருங்கிய நோய் என்று எண்ணி, காசநோய்க்குப் பயன்படுத்திய தங்க உப்பு ஊசியைப் போட்டுப் பார்த்து, பலன் இருப்பதாக 1929-இல் அறிவித்தார். ஸ்வீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர், கிருமியைத் தாக்கும் சல்ஃபா மருந்தையும் ஆஸ்பிரினுக்கு உறவான ஒரு பொருளையும் இணைத்துப் புதிய மருந்து ஒன்றை 1930களின் இறுதியில் உருவாக்கச் செய்தார். அதுதான் சல்ஃபசாலசீன். இன்றும் முடக்குவாதத்துக்குக் கொடுக்கப்படுகிறது. மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினும் அப்படித்தான்.

காசநோயும் இல்லை, மலேரியாவும் இல்லை. ஆனால் மருந்து வேலை செய்தது! காரணத்தைத் தவறாகக் கணித்து, உதவும் மருந்தைக் கண்டெடுப்பது மருத்துவ வரலாற்றில் இப்படிப் பல முறை நடந்திருக்கிறது. பிரவுனின் கதையும் அந்த வரிசையைச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

சோதனையில் தெரிந்தது என்ன?

ஒரு மருத்துவர் தம் நோயாளிகள் தேறினார்கள் என்று சொல்வது மட்டும் போதாது. முடக்குவாதம் ஏறி இறங்கும் நோய். மருந்தே இல்லாமலும் சில மாதங்கள் தணிந்திருக்கும். ஆகவே நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உண்மையான மருந்தையும் மறு பிரிவுக்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரையையும் கொடுத்து, யாருக்கு எது என்று மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாமல் வைத்துப் பார்க்க வேண்டும்.

டெட்ராசைக்ளினை வைத்து 1971-இல் வெளியான அத்தகைய சிறிய சோதனை ஒன்று, பலன் ஏதும் இல்லை என்றது. பேச்சு அத்தோடு அடங்கிவிடவில்லை. நெதர்லாந்தின் லெய்டன் நகர மருத்துவர்கள் அதே குடும்பத்தைச் சேர்ந்த மினோசைக்ளினைச் சோதித்து, ஓரளவு பலன் இருப்பதாக 1994-இல் வெளியிட்டார்கள். அடுத்து அமெரிக்காவில் 'மீரா' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பெரிய சோதனை நடந்து, 1995-இல் முடிவு வந்தது. 219 நோயாளிகள், 48 வாரங்கள், நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் மினோசைக்ளின். மருந்து சாப்பிட்டவர்களில் 54 விழுக்காட்டினருக்கு மூட்டு வீக்கம் குறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 39 விழுக்காட்டினருக்குக் குறைந்தது.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். 54 என்பதை மட்டும் சொன்னால் பாதிப் பேர் குணமானது போலத் தோன்றும். வெறும் மாவு மாத்திரைக்கே 39 கிடைத்திருக்கிறது என்பதைப் பார்த்தால்தான் மருந்தின் உண்மையான பங்கு தெரியும். பங்கு இருக்கிறது, ஆனால் அடக்கமானது. எக்ஸ்ரே படங்களில் எலும்பு அரிப்பு குறைந்ததா என்று பார்த்தபோது, இரு பிரிவுக்கும் இடையில் உறுதியாகச் சொல்லக்கூடிய வேறுபாடு தெரியவில்லை.

நோய் தொடங்கி ஓராண்டுக்குள் இருந்தவர்களிடம் பலன் கூடுதலாக இருந்தது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஓடெல் குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்க நிலை நோயாளிகள் 46 பேரில், மினோசைக்ளின் சாப்பிட்டவர்களில் 65 விழுக்காட்டினர் பாதிக்குப் பாதி முன்னேற்றம் கண்டார்கள். மறு பிரிவில் 13 விழுக்காட்டினர் மட்டுமே. எண்ணிக்கை சிறியது என்றாலும் அலட்சியப்படுத்தக்கூடிய முடிவல்ல.

பிரவுன் இவை எதையும் பார்க்கவில்லை. 1989-இலேயே அவர் காலமாகிவிட்டார். அவர் கொடுத்த முறை நாள் விட்டு நாள். சோதனைகளில் கொடுத்தது தினமும். அதனால் அவருடைய முறை சரியாகச் சோதிக்கப்படவே இல்லை என்று அவர் ஆதரவாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டு.

கிருமி எங்கே?

சரி, மருந்து ஓரளவு வேலை செய்கிறது. அப்படியானால் கிருமி இருப்பது உறுதியாகிவிட்டதா? இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்.

நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் லார்ன் கோலப் என்ற பல் மருத்துவ ஆய்வாளர் 1980களில் எலிகளின் ஈறுகளை ஆராய்ந்தார். உடலில் கொலாஜன் என்று ஒரு புரதம் உண்டு. குருத்தெலும்பு, ஈறு, தசைநாண் ஆகியவற்றுக்கெல்லாம் கம்பி கட்டுவது போன்ற பலம் அதுதான். அந்தக் கொலாஜனை அரிக்கும் நொதிப்பொருளை மினோசைக்ளின் அடக்குவதை அவர் கண்டார். கிருமிகளே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளிலும் அது நடந்தது. கொல்வதற்கு ஒரு கிருமிகூட இல்லாத இடத்திலும் மருந்து வேலை செய்திருக்கிறது.

இதன் அடிப்படையில், கிருமியைக் கொல்லப் போதாத 20 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை ஒன்று ஈறு நோய்க்காக 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஓடெல் குழுவினர் அந்தச் சிறிய மாத்திரையையே முடக்குவாதத்திலும் பரீட்சித்தார்கள். 66 நோயாளிகள், மூன்று பிரிவுகள். எல்லோருக்கும் மெத்தோட்ரெக்சேட் உண்டு. அதோடு ஒரு பிரிவுக்கு 100 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் தினம் இரு வேளை, இன்னொரு பிரிவுக்கு 20 மில்லிகிராம் இரு வேளை, மூன்றாம் பிரிவுக்கு வெற்று மாத்திரை. 2006-இல் வந்த முடிவு என்ன தெரியுமா? பெரிய அளவு சாப்பிட்டவர்களிலும் சிறிய அளவு சாப்பிட்டவர்களிலும் ஏறக்குறைய சமமாக, 40 விழுக்காட்டை ஒட்டியவர்கள் நல்ல முன்னேற்றம் கண்டார்கள். வெற்று மாத்திரைப் பிரிவில் அது 12.5 விழுக்காடு.

கிருமியைக் கொல்வதால்தான் பலன் என்றால், கிருமியைக் கொல்லாத அளவு எப்படிப் பலன் தரும்? முடக்குவாதத்தில் இந்த மருந்து அழற்சியைத் தணிக்கிறது, அரிக்கும் நொதியை அடக்குகிறது என்று கொள்வதே பொருத்தம். கொள்ளைக்காரனைப் பிடிக்க வந்த காவலர் வழியில் தீயை அணைத்துவிட்டுப் போனது போல! மூட்டில் மைக்கோப்பிளாஸ்மா இருந்து நோயை நடத்துகிறது என்பதற்கு உறுதியான சான்று இன்றுவரை கிடைக்கவில்லை.

முடக்குவாதத்தில் நம் நோய் எதிர்ப்பாற்றலே நம் மூட்டின் உட்சவ்வைப் பகையாக எண்ணித் தாக்குகிறது. பரம்பரைக் கூறு அதற்கு வழி திறக்கிறது. புகைபிடித்தல் அதை வளர்க்கிறது. ஈறு நோயை உண்டாக்கும் ஒரு வகைக் கிருமியும் குடலில் வாழும் சில நுண்ணுயிர்களும் இந்தக் குழப்பத்தைத் தொடங்கிவைக்கின்றனவா என்று விஞ்ஞானிகள் இப்போது தீவிரமாக ஆராய்கிறார்கள். ஆக, பிரவுன் கேட்ட கேள்வி செத்துவிடவில்லை. ஆனால் தொடங்கிவைத்தது கிருமியாகவே இருந்தாலும், மூண்ட பிறகு தீக்குச்சியைத் தேடிப் பிடித்து உடைப்பதால் வீடு எரிவது நிற்காது.

இரண்டு மருந்தும் ஒரே கூடத்திலிருந்து

இந்த விவாதத்தில் ஒரு பக்கம் டெட்ராசைக்ளின் குடும்பம், மறு பக்கம் மெத்தோட்ரெக்சேட் என்று எதிரிகளாக நிறுத்தப்படுகின்றன. உண்மையில் இரண்டும் ஒரே ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை. அமெரிக்காவின் லெடர்லி நிறுவன ஆய்வுப் பிரிவு அது. அப்போது அதற்குத் தலைமை வகித்தவர் எல்லாப்ரகட சுப்பாராவ். 1895-இல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்து அறுவைக் கூடத்துக்குப் போனதால், முழுப் பட்டம் கிடைக்காமல் அதற்குக் குறைந்த சான்றிதழோடு வெளியே வந்தவர்.

முதல் டெட்ராசைக்ளினான ஆரியோமைசினை அவர் பிரிவில் இருந்த பெஞ்சமின் டக்கர் மண்ணிலிருந்து கண்டெடுத்தார். 1948-இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. மினோசைக்ளினும் பின்னாளில் அதே லெடர்லியில் உருவானதுதான். அமினோப்டெரின், அதன் தம்பியான மெத்தோட்ரெக்சேட் ஆகியவையும் சுப்பாராவ் குழுவின் படைப்புகளே. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரினைக் கொடுத்து 1948-இல் உலகை வியக்கவைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1951-இலேயே அமினோப்டெரின் முடக்குவாதத்தைத் தணிப்பதாக நியூயார்க் மருத்துவர்கள் எழுதினார்கள். ஆனால் அப்போது எல்லார் கண்ணும் புதிதாக வந்த கார்ட்டிசோன் மேல்தான் இருந்தது. மெத்தோட்ரெக்சேட் முடக்குவாதத்துக்கென அமெரிக்காவில் அனுமதி பெறவே 1988 ஆகிவிட்டது.

'புற்றுநோய் மருந்து' என்ற அச்சத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு முறை, பெரும்பாலும் 25 மில்லிகிராமைத் தாண்டாமல் தரப்படுகிறது. புற்றுநோய்க்குத் தரும் அளவுகள் பல மடங்கு அதிகம். ஃபோலிக் அமிலமும் சேர்த்துத் தருவதால் வாய்ப்புண், குமட்டல் குறைகிறது. கல்லீரலையும் இரத்த அணுக்களையும் பரிசோதனையில் கண்காணிக்கிறார்கள். கருத்தரிக்க எண்ணும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி அதை நிறுத்த வேண்டும். வாரம் ஒரு முறை என்பதைத் தினம் ஒரு முறை என்று தவறாகச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் நாட்காட்டியில் கிழமையைக் குறித்து வைப்பது நல்லது.

ஏன் பட்டியலில் இல்லை?

அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கம் 2008-இலும் 2012-இலும் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் மினோசைக்ளின் இடம் பெற்றிருந்தது. 2015-இல் அது நீக்கப்பட்டது. மருந்து நிறுவனங்களின் சூழ்ச்சி என்று இதைப் பலர் சொல்லக் கேட்கலாம். மலிவான பழைய மருந்துக்குப் பெரிய சோதனை நடத்தப் பணம் போட ஆளில்லை என்பது உண்மைதான். அந்தக் குறை நியாயமானது. ஆனால் நீக்கத்துக்குச் சொல்லப்பட்ட காரணம், அதை மருத்துவர்கள் அரிதாகவே பயன்படுத்துகிறார்கள் என்பது. அதைவிட வலுவாக எலும்பு அரிப்பைத் தடுக்கும் மருந்துகள் வந்துவிட்ட பின்னர், அடக்கமான பலன் தருவது பின்னால் போய்விட்டது.

மினோசைக்ளின் தீங்கற்றது என்ற எண்ணமும் சரியல்ல. தலைசுற்றல் சாதாரணம். நீண்ட நாள் சாப்பிட்டால் தோலிலும் ஈறிலும் நீலச் சாம்பல் நிறம் படியக்கூடும். அரிதாகச் சிலருக்கு மருந்தினாலேயே லூபஸ் போன்ற நோய் வந்து, மூட்டுவலி கூடுகிறது. கல்லீரல் அழற்சியும் வரலாம். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் கொடுப்பதில்லை. பிள்ளைகளின் பற்களில் நிரந்தரக் கறை ஏற்படும்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஒரு விளக்கம். ஆண்டிபயாடிக் தொடங்கியபின் வலி கூடினால், "கிருமி சாகிறது, அதனால்தான் வலி, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லப்படுகிறது. நோய் குறைந்தால் மருந்தின் வெற்றி, கூடினாலும் மருந்தின் வெற்றி! இப்படி ஒரு கணக்கில் மருந்து தோற்கவே முடியாது, தோற்பவர் நோயாளிதான். முடக்குவாதம் தொடங்கிய முதல் மூன்று மாதங்களுக்குள் சரியான மருந்தைத் தொடங்குவது பெரும் நன்மை தரும் என்கிறார்கள் மருத்துவர்கள். முதல் இரண்டு ஆண்டுகளிலேயே பலருக்கு எலும்பு அரிப்பு எக்ஸ்ரேயில் தெரியத் தொடங்கிவிடுகிறது. அரிந்த எலும்பு திரும்ப வளர்வதில்லை. பொறுத்துப் பொறுத்துப் போன மாதங்களுக்கு விரல்கள் விலை கொடுக்கின்றன.

மலேசிய இந்தியர்களுக்கு இதில் தனி அக்கறை வேண்டும். மக்கள் தொகையில் நாம் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் நாட்டின் மருத்துவமனைகளில் செய்யப்பட்ட ஆய்வுகளில், முடக்குவாத நோயாளிகளிடையே நம்மவர் பங்கு அதைவிடப் பன்மடங்கு அதிகம். இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு கூடுதலாகத் தாக்குவது. இரவுச் சந்தையில் வாங்கும் மூட்டுவலி மூலிகை மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரிப்பதும் நாம் அறிந்ததே. ஒரே நாளில் வலி பறந்துவிட்டால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்பட வேண்டும்.

ஆண்டிபயாடிக் எப்போது வேண்டும்?

மூட்டு நோய்க்கு ஆண்டிபயாடிக் தேவைப்படும் இடங்களும் உண்டு. தொண்டைப் புண் கிருமியைத் தொடர்ந்து பிள்ளைகளுக்கு வரும் ருமாட்டிக் காய்ச்சலுக்குப் பென்சிலின் ஊசி பல ஆண்டுகள் போடுகிறார்கள். பெயர் ஒத்திருப்பதால் பலரும் அதையும் முடக்குவாதத்தையும் ஒன்றென நினைத்துவிடுகிறார்கள், இரண்டும் வெவ்வேறு. ஒரே ஒரு மூட்டு திடீரென நெருப்பாய்ச் சுட்டு, சிவந்து வீங்கி, காய்ச்சலும் அடித்தால், மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏற்கனவே முடக்குவாதம் உள்ளவருக்கு இப்படி நேர்ந்தால், பழைய நோய்தானே என்று இருந்துவிடக் கூடாது. அவர்களுக்குத்தான் இந்தத் தொற்று வரும் வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று கிளினிக்கில் நேரக்கூடியது. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் ஒருவர் சிறுநீர்த் தொற்றுக்கோ இருமலுக்கோ பக்கத்துக் கிளினிக்குக்குப் போகிறார். மூட்டுக்கு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதைச் சொல்வதில்லை. பாக்ட்ரிம் என்ற பெயரில் பலரும் அறிந்த கோ-டிரைமோக்சசோல் மாத்திரை உறையில் போட்டுக் கொடுக்கப்படுகிறது. இரண்டு மருந்தும் உடலின் ஃபோலிக் அமிலத்தையே குறிவைப்பவை. சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை செயலிழந்து, இரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். உயிரிழப்புகள்கூட மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. வேறு ஆண்டிபயாடிக் கொடுத்தால் முடிந்துபோகும் விஷயம் இது. எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் மெத்தோட்ரெக்சேட் உறையைக் கைப்பையில் எடுத்துச் சென்று, மருத்துவர் மருந்து எழுதுவதற்கு முன்பே மேசைமேல் வைத்துவிடுங்கள்.